எலியட் ஸ்மித்

எலியட் ஸ்மித் (ஸ்டீவன் பால் ஸ்மித், ஆகஸ்ட் 6, 1969 – அக்டோபர் 21, 2003) அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர், பல வாத்தியங்களை இசைத்த கலைஞர். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இயங்கிய ஹீட்மைசர் என்னும் இண்டி ராக் குழுவில் பாடகராகவும் கிட்டார் கலைஞராகவும் இருந்தார். குழுவில் இருக்கும்போதே தனியாகப் பதிவுசெய்த பாடல்களால் கவனம் பெற்று, பின்னர் முழுமையாகத் தனிக்கலைஞர் ஆனார். அவர் வாழ்நாளில் ஐந்து தனித் தொகுப்புகள் வெளிவந்தன. 1997ல் வெளியான 'குட் வில் ஹன்ட்டிங்' திரைப்படத்தில் இடம்பெற்ற 'மிஸ் மிசரி' பாடலுக்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 34ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மறைந்தார்.

ஸ்மித்தைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை அவருடைய மரணத்தில் தொடங்கி, அங்கிருந்து பாடல்களுக்கு வருபவை. துயரத்தில் உழன்ற ஒருவர் கிட்டாரை எடுத்துவைத்துக்கொண்டு தன் துயரைப் பாடினார், கடைசியில் அத்துயரமே அவரைக் கொண்டுபோயிற்று என்பது அவற்றின் சாரம். கேட்பவருக்கு வசதியான சித்திரம் இது. ஆனால் இசைக்கலைஞராக அவர் செய்தது என்ன என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. குழுவிலிருந்து தனிக்கலைஞராக அவர் மாறியதையும் 'இரைச்சலிலிருந்து மௌனத்துக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய தொகுப்புகளை வெளிவந்த வரிசையில் கேட்டால் இந்த விளக்கம் நிற்பதில்லை. நான்கு பேர் கொண்ட குழுவிலிருந்து வெளியேறியவர், சில ஆண்டுகளில் ஒரு முழுக் குழுவின் வேலையைத் தன் இரண்டு கைகளால் செய்பவராக ஆனார்.

இளமை

ஸ்மித் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்தனர். தாயுடன் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரை ஒட்டிய சிற்றூர்ப் பகுதிகளில் வளர்ந்தார். தாய் பள்ளியில் இசை கற்பித்தவர். ஒன்பது வயதில் பியானோவும் பத்து வயதில் கிட்டாரும் கற்கத் தொடங்கினார். பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தார். மாற்றாந்தந்தையின் வீட்டில் கழிந்த அந்த ஆண்டுகள் அவருக்கு இனிமையானவையாக இருக்கவில்லை. 14 வயதில் போர்ட்லண்டில் மனநல மருத்துவராக இருந்த தந்தையிடம் சென்றுவிட்டார்.

போர்ட்லண்டின் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது நண்பர்களுடன் சேர்ந்து பாடல்களை ஒலிநாடாவில் பதிவுசெய்துவந்தார். பள்ளிப் படிப்பை முடித்த காலத்தில் பெயரை எலியட் என்று மாற்றிக்கொண்டார். 'ஸ்டீவ்' விளையாட்டு வீரனின் பெயர் போலவும் 'ஸ்டீவன்' புத்தகப்புழுவின் பெயர் போலவும் தோன்றியதாகப் பின்னாளில் காரணம் சொன்னார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் தத்துவமும் அரசியலும் பயின்று 1991ல் பட்டம் பெற்றார். கல்லூரியில் அறிமுகமான நீல் கஸ்ட்டுடன் போர்ட்லண்ட் திரும்பினார். தத்துவப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு ரொட்டிக்கடை வேலை. கட்டட வேலைகளும் செய்தார்.

ஹீட்மைசர்

ஸ்மித்தும் கஸ்ட்டும் டிரம்ஸ் கலைஞர் டோனி லாஷ், பேஸ் கிட்டார் கலைஞர் பிராண்ட் பீட்டர்சன் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கிய குழு ஹீட்மைசர். 'டெட் ஏர்' (1993), 'காப் அண்ட் ஸ்பீடர்' (1994), 'மிக் சிட்டி சன்ஸ்' (1996) ஆகியவை அக்குழுவின் மூன்று முழுத் தொகுப்புகள். நிர்வானா குழுவின் வெற்றிக்குப் பிறகு அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் முளைத்த நூற்றுக்கணக்கான குழுக்களின் பொது இலக்கணம் ஹீட்மைசருக்கும் பொருந்தும்: திரிக்கப்பட்ட கிட்டார் ஒலி, உரத்த குரல், வேகம். 'டெட் ஏர்' தொகுப்பைக் கேட்கும் ஒருவர் அதில் கத்துவது பிற்கால எலியட் ஸ்மித்தின் குரல்தான் என்று கண்டுபிடிப்பது கடினம். அந்தக் குழுவில் தான் ஒரு வேடத்தில் நடித்துக்கொண்டிருந்ததாகவும், அந்த வேடம் தனக்கே பிடிக்கவில்லை என்றும் பின்னாளில் அவர் பேட்டிகளில் கூறினார்.

இந்தக் கூற்றை அப்படியே எடுத்துக்கொண்டு ஹீட்மைசரை ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமல்ல. முதலாவதாக, அது ஸ்மித்தின் குழு மட்டும் அல்ல. பாடல்களைக் கஸ்ட்டும் ஸ்மித்தும் பங்கிட்டுக்கொண்டு எழுதினர். தன்பாலின ஈர்ப்பாளரான கஸ்ட், ஆண்மைத் தோரணை ஓங்கிய ராக் இசையின் உள்ளே நின்று தன் அனுபவத்தைப் பாடல்களாக்கியவர். ஸ்மித்தின் புகழ் வளர்ந்தபின் கஸ்ட்டின் பாடல்கள் 'ஸ்மித் பாடாதவை' என்ற அளவில் கேட்கப்படுகின்றன. இரண்டாவதாக, 'மிக் சிட்டி சன்ஸ்' பயிற்சிக்கால ஆக்கம் அல்ல. பீட்டர்சன் விலகி, குவாசி குழுவைச் சேர்ந்த சாம் கூம்ஸ் பேஸ் வாசித்த தொகுப்பு அது. அதிலுள்ள 'பிளெயின்குளோத்ஸ் மேன்' பாடலில் கிட்டார்கள் அடங்கி மெட்டு முன்னால் வந்துவிட்டது. இரைச்சலுக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு சமநிலையை ஹீட்மைசர் கண்டடைந்த தொகுப்பு என்றும் சொல்லலாம். அதைக் கண்டடைந்தபோது குழு உடைந்துவிட்டிருந்தது. பெரிய நிறுவனமான வர்ஜினுடன் ஒப்பந்தம் செய்திருந்தும், தொகுப்பு வெளியாவதற்கு முன்பே அவர்கள் ஒன்றாக வேலை செய்ய முடியாத நிலையை அடைந்திருந்தனர்.

காரணம் எளிது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பாடல் எழுதும் ஒருவர், தன் நல்ல பாடல்களை எங்கே வைத்துக்கொள்வார்? குழுவில் மற்ற மூவருக்கும் அதற்கான விடை 1995லேயே தெரிந்திருக்கும்.

அடித்தள அறைப் பதிவுகள்

முதல் தனித் தொகுப்பான 'ரோமன் கேண்டில்' (1994) தொகுப்பாகத் திட்டமிடப்பட்டதே அல்ல. ஹீட்மைசரின் மேலாளராக இருந்த தோழியின் வீட்டு அடித்தள அறையில் நான்கு தடப் பதிவுக்கருவியில் ஸ்மித் தனக்காகப் பதிவுசெய்து வைத்திருந்த பாடல்கள் அவை. போர்ட்லண்டின் சிறு நிறுவனமான காவிட்டி சர்ச் அவற்றைக் கேட்டது. அதிகம் போனால் ஒரு சிறு இசைத்தட்டு வரும் என்று ஸ்மித் நினைத்திருக்க, அவர்கள் பதிவுகளை இருந்தபடியே முழுத் தொகுப்பாக வெளியிட்டனர். நான்கு பாடல்களுக்குப் பெயர்கூட இல்லை. 'நோ நேம்' என்று எண்ணிட்டு விட்டுவிட்டார். தொகுப்பின் முகப்புப் படத்தில் இருப்பவர் ஸ்மித் அல்ல, நீல் கஸ்ட். தனிக்கலைஞராகும் நோக்கம் கொண்ட ஒருவர் தன் முதல் தொகுப்பில் குழுத் தோழனின் படத்தைப் போட்டிருக்க மாட்டார்.

கர்ஜிக்கும் கிட்டார்களும் பங்க் மனநிலையும் ஆண்ட காலத்தில், அதே மதுக்கூடங்களில், அதே ரசிகர்கள் முன்னால், ஒலிபெருக்கப்படாத கிட்டாருடன் அமர்ந்து கிசுகிசுப்பாகப் பாடுவது துணிச்சலான செயல். பாடலாசிரியர் என்ற சொல்லே அந்தச் சூழலில் கேலிக்குரியது. முந்தைய தலைமுறையின் நாட்டார் பாடகர்களை நினைவூட்டும் சொல் அது. ஆனால் போர்ட்லண்ட் ரசிகர்கள் பேச்சை நிறுத்தி அவரைக் கேட்டனர் என்று அக்காலத்தவர் பலர் நினைவுகூர்ந்திருக்கின்றனர்.

இரண்டாவது தொகுப்பு 'எலியட் ஸ்மித்' (1995) ஒலிம்பியா நகரின் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. பிகினி கில் முதலிய பெண்ணியப் பங்க் குழுக்களை வெளியிட்டு அறியப்பட்ட நிறுவனம் அது. முதல் பாடல் 'நீடில் இன் த ஹே'. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. கிட்டார் ஒரே அழுத்தத்தில் அடக்கி அடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் ஏறக்குறைய பேச்சுக்கு நெருக்கமான குரல். இந்தத் தொகுப்பில் ஊசி, வெள்ளைப் பொடி, மது ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் இந்தப் பாடல்களை எழுதியபோது ஸ்மித் ஹெராயின் பழக்கம் உள்ளவராக இருக்கவில்லை என்று அவருடன் இருந்தவர்கள் கூறியுள்ளனர். எதைச் சார்ந்திருக்கிறோமோ அதுவே நம்மைத் தின்பது என்ற நிலைக்கு அவர் கண்டெடுத்த உருவகமாகவே போதைப்பொருள் இங்கே வருகிறது. பிற்பாடு உருவகம் உண்மையானது அவர் வாழ்க்கையின் கொடுமை. அதற்காக 1995ன் பாடல்களை 2001ன் நோயாளியின் குறிப்பேடாக வாசிப்பது பிழை.

ஐதர்/ஆர்

1997 பிப்ரவரியில் வெளிவந்த 'ஐதர்/ஆர்' டேனிஷ் தத்துவவாதி சோரன் கீர்கேகார்டின் நூலின் பெயரைக் கொண்டது. அழகை நாடும் வாழ்வுக்கும் அறத்தை நாடும் வாழ்வுக்கும் இடையிலான தேர்வு அந்த நூலின் பொருள். ஸ்மித் கல்லூரியில் தத்துவம் படித்தவர் என்பதால் இதைப் பெரிதாக விரித்துப் பேசியவர்கள் உண்டு. அந்த அளவுக்கு அது சுமை தாங்குமா என்பது ஐயமே. தேர்வுசெய்ய முடியாமல் நிற்கும் மனநிலை தொகுப்பின் பல பாடல்களில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

'பிட்வீன் த பார்ஸ்' இத்தொகுப்பின் புகழ்பெற்ற பாடல். மூன்று எண்ணிக்கையில் அசையும், இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான பாடல். தலைப்பில் உள்ள 'பார்' என்ற சொல்லுக்கு மதுக்கூடம், சிறைக்கம்பி, இசைத்தாளில் அளவுகளைப் பிரிக்கும் கோடு என்று மூன்று பொருள்கள். காதலன் காதலியைத் தேற்றும் தாலாட்டு என்று கேட்டுக் கடந்துவிடக்கூடிய பாடல் இது. பலர் திருமணங்களில்கூடப் பாடுகிறார்கள். கவனித்துக் கேட்டால் பேசுவது காதலன் அல்ல என்பது புலப்படும். குடிப்பவனிடம் மது பேசுகிறது. உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஆகியிருக்கக்கூடிய மற்ற மனிதர்களையெல்லாம் மறந்துவிடு என்று அது கொஞ்சுகிறது. மிக மென்மையான மெட்டில் மிகக் கொடிய பேச்சை வைப்பது, அந்த மென்மையே கொடுமையின் ஆயுதம் என்று உணரச் செய்வது ஆகியவை தன் துயரத்தைக் கொட்டுபவரின் வேலை அல்ல. நாடகாசிரியரின் வேலை. ஸ்மித்தைப் பற்றி ஒரே ஒரு பாடலை வைத்துப் பேச வேண்டுமானால் இதையே எடுக்க வேண்டும்.

தொகுப்பின் கடைசிப் பாடலான 'சே யெஸ்' ஒரு காதல் முறிவுக்குப் பிந்தைய காலையில் எழும் நம்பிக்கையைச் சொல்வது. ஸ்மித்திடம் நம்பிக்கையே இல்லை என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆஸ்கர் இரவு

போர்ட்லண்டில் வசித்த இயக்குநர் கஸ் வான் சான்ட் தன் 'குட் வில் ஹன்ட்டிங்' படத்தில் ஸ்மித்தின் பழைய பாடல்கள் சிலவற்றைப் பயன்படுத்தினார். படத்துக்கென்று தரப்பட்ட பாடல் 'மிஸ் மிசரி'. அது ஆஸ்கர் விருதின் சிறந்த பாடல் பிரிவில் பரிந்துரை பெற்றது. 1998 மார்ச் 23 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கில், வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் அணிந்து, தனியாக நின்று பாடலின் சுருக்கப்பட்ட வடிவத்தைப் பாடினார். அமர்ந்து பாட அனுமதிக்கவில்லை. அவர் பாடாவிட்டால் வேறொருவரைப் பாடவைப்போம் என்று நிகழ்ச்சியாளர்கள் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார். விருது 'டைட்டானிக்' படத்தில் செலின் டியோன் பாடிய பாடலுக்குச் சென்றது.

இந்தக் காட்சி ஒரு நீதிக்கதையாகவே ஆகிவிட்டது: வணிக இசையின் பிரம்மாண்டத்துக்கு எதிரில் ஒரு எளிய கலைஞன். செலின் டியோனைக் கேலிசெய்ய இண்டி ரசிகர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் ஸ்மித் அந்தக் கேலியில் சேரவில்லை. மேடைக்குப் பின்னால் அவர் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டார் என்றும், அவரை யாராவது இழிவாகப் பேசினால் தனக்குப் பிடிப்பதில்லை என்றும் பேட்டிகளில் சொன்னார். தன்னை வைத்துக் கட்டப்படும் கதைகளில் அவருக்கு இருந்த அசௌகரியம் அப்போதே தெரிகிறது.

இசைமுறை

ஸ்மித்தின் குரலில் முதலில் கவனிக்க வேண்டியது இரட்டைப் பதிவு. ஒரு வரியைப் பாடிப் பதிந்தபின், அதே வரியை அதே மூச்சு இடைவெளிகளுடன், அதே உச்சரிப்புடன் மீண்டும் பாடி முதல் பதிவின்மேல் வைப்பார். பலர் இதைச் செய்திருக்கின்றனர். பீட்டில்ஸ் குழுவினரிடமிருந்துதான் ஸ்மித்தும் பெற்றார். ஆனால் கிசுகிசுப்பான குரலை இவ்வளவு துல்லியமாக இரட்டிப்பது அரிது. இரண்டு குரல்களுக்கு இடையே மயிரிழை வேறுபாடுதான் இருக்கும். அந்த வேறுபாட்டால் குரல் ஒரே நேரத்தில் காதருகே இருப்பதுபோலவும் எங்கோ விலகி இருப்பதுபோலவும் ஒலிக்கிறது. தனிமையான ஒரு மனிதனின் நேரடி ஒப்புதல் வாக்குமூலம் என்று ரசிகர்கள் கேட்பது உண்மையில் பலமுறை பாடி அடுக்கிய கட்டுமானம்.

அடுத்தது கிட்டார். நாட்டார் இசைப் பாடகர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு கார்ட்களை அடித்து அதன்மேல் மெட்டை ஓட்டுவார்கள். ஸ்மித் கார்ட்களின் உள்ளேயே மெட்டை வைப்பவர். கட்டைவிரல் வாசிக்கும் கீழ்த்தந்தி ஒரு தனி வரியாகப் படிப்படியாக இறங்கும். மற்ற விரல்கள் மேலே வேறொரு வரியை எடுத்துச்செல்லும். குரல் மூன்றாவது வரி. 'சே யெஸ்' பாடலின் கிட்டாரை மட்டும் கேட்டால் இது விளங்கும். பெரும்பாலும் தந்திகளைச் சுருதி குறைத்துக் கட்டியிருப்பார். அந்தத் தளர்வு கிட்டாருக்கு ஒரு மங்கலான நிறத்தைத் தருகிறது. மேஜர் கார்ட் வர வேண்டிய இடத்தில் மைனர் கார்டை வைப்பதும், சோகம் முடியும் இடத்தில் எதிர்பாராமல் மேஜருக்குத் தாவுவதும் அவருக்குக் கைவந்தவை. 'சோக இசை' என்ற ஒற்றைச் சொல் அவருக்குப் பொருந்தாததற்கு இதுவே இசை சார்ந்த காரணம். அவருடைய பாடல்கள் ஒரே உணர்வில் எட்டு நொடிகூட நிற்பதில்லை.

பதிவுக்கூடத்தில் டிரம்ஸ், பேஸ், பியானோ ஆகியவற்றையும் பெரும்பாலும் அவரே வாசித்தார். அவர் டிரம்ஸ் வாசிக்கும் முறை அழகானது. தாளத்தை நிறுத்திவைப்பதைவிட மெட்டுக்குப் பதில் சொல்வதில் அக்கறை கொண்டது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை.

எக்ஸ்ஓ, ஃபிகர் 8

ஸ்மித் 1998ல் ட்ரீம்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு மாறினார். 'ஐதர்/ஆர்' தொகுப்பில் உடன் பணியாற்றிய ராப் ஷ்னாஃப், டாம் ராத்ராக் இருவருமே 'எக்ஸ்ஓ' (1998) தொகுப்பையும் தயாரித்தனர். இண்டி ரசிகர்களில் ஒரு பகுதியினர் அடித்தள அறையின் நெருக்கம் போய்விட்டது, தந்தி வாத்தியங்களும் கொம்பு வாத்தியங்களும் வந்துவிட்டன என்று வருந்தினர். இந்த வருத்தம் ஒரு தவறான எண்ணத்தின்மேல் நிற்கிறது. நான்கு தடப் பதிவுக்கருவி ஸ்மித்தின் கொள்கை அல்ல. அவரிடம் அப்போது இருந்தது அது. சிறுவயதில் பீட்டில்ஸின் வெள்ளைத் தொகுப்பைக் கேட்டு இசைக்கு வந்த ஒருவர் வாய்ப்புக் கிடைத்ததும் இருபத்துநான்கு தடங்களையும் நிரப்பியதில் வியப்பில்லை.

'எக்ஸ்ஓ'வின் முதல் பாடல் 'ஸ்வீட் அடலின்' இந்த விவாதத்துக்கே விடையளிப்பதுபோல் அமைந்துள்ளது. பழைய ஸ்மித்தாக, கிட்டாரும் மெல்லிய குரலுமாகத் தொடங்குகிறது. பாதி வழியில் டிரம்ஸும் பியானோவும் அடுக்குக் குரல்களும் ஒரே கணத்தில் திறந்துகொள்கின்றன. கடைசிப் பாடல் 'ஐ டிட்ன்ட் அண்டர்ஸ்டாண்ட்' முழுக்க வாத்தியமே இல்லாமல், தன் குரலைப் பலவாக அடுக்கி அவர் ஒருவரே பாடும் சேர்ந்திசை. நடுவே 'வால்ட்ஸ் நம்பர் 2'. ஒரு கரோக்கி இரவில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மாறிமாறிப் பழைய பாடல்களைப் பாடுகிறார்கள். பெண் எவர்லி சகோதரர்களின் 'கேத்திஸ் கிளௌன்' பாடுகிறாள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் பாடல்களே அவர்களுக்கிடையிலான சண்டை. பார்த்துக்கொண்டிருப்பவன் யார் என்று பாடல் சொல்வதில்லை. தாயையும் மாற்றாந்தந்தையையும் பற்றியது என்று வாழ்க்கை வரலாற்றாளர்கள் வாசிக்கின்றனர், இருக்கலாம். ஆனால் அந்தத் தகவல் தெரியாத ஒருவருக்கும் காட்சி முழுமையாகவே கிடைக்கிறது. என் மதிப்பீட்டில் ஸ்மித்தின் முழு ஆற்றலும் வெளிப்பட்ட தொகுப்பு 'எக்ஸ்ஓ'தான். 'ஐதர்/ஆர்' அதைவிடக் குறையற்றது, ஆனால் சிறியது.

1999ல் 'அமெரிக்கன் பியூட்டி' திரைப்படத்துக்காக பீட்டில்ஸின் 'பிகாஸ்' பாடலைப் பாடினார். மூவர் சேர்ந்து பாடிய குரலடுக்கை ஒருவராக மீட்டுருவாக்கிய பதிவு அது. அடுத்த தொகுப்பான 'ஃபிகர் 8' (2000) தொகுப்பின் ஒரு பகுதி லண்டனில், பீட்டில்ஸ் பணியாற்றிய ஆபி ரோடு கூடத்திலேயே பதிவாயிற்று. பதினாறு பாடல்கள். 'சன் ஆஃப் சாம்', 'கேன்ட் மேக் எ சவுண்ட்' போன்றவை அவருடைய உச்சங்களில் சேர்பவை. 'எவ்ரிதிங் மீன்ஸ் நத்திங் டு மீ' பியானோவில் தொடங்கி, தலைப்புச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வர, எதிரொலிக்கும் டிரம்ஸில் முடிகிறது. ஆனால் தொகுப்பு நீளமானது. நடுப்பகுதியில் சில பாடல்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடின்றிக் கடந்துசெல்கின்றன. அலங்காரம் அதிகமான இடங்களில் மெட்டு தன் எடையை இழக்கிறது. மறுப்பு சொல்ல ஒரு நீல் கஸ்ட் பக்கத்தில் இருந்திருந்தால் இதில் நான்கு பாடல்கள் குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. தனிக்கலைஞராவதில் கிடைக்கும் விடுதலையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அதில் இழக்கப்படுவது இந்த மறுப்பு.

இறுதி ஆண்டுகள்

2000க்குப் பின் ஸ்மித் போதைப் பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். மேடையில் பாடல்களைப் பாதியில் நிறுத்தினார், வரிகளை மறந்தார். ஜான் பிரையனுடன் தொடங்கிய பதிவுகள் கைவிடப்பட்டன. 2002ல் சிகிச்சை பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் நியூ மங்கி என்ற சொந்தப் பதிவுக்கூடத்தை அமைத்து, பழைய கருவிகளைத் தானே சீர்செய்து, ஒரு பெரிய தொகுப்புக்கான பாடல்களைப் பதிந்துகொண்டிருந்தார். 2003 அக்டோபர் 21 அன்று மார்பில் ஏற்பட்ட காயங்களால் இறந்தார். அது தற்கொலை என்றே பரவலாக எழுதப்பட்டது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் மரண விசாரணை அலுவலகம் தற்கொலையா கொலையா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றே பதிவுசெய்தது.

முடிக்கப்படாத பதிவுகள் குடும்பத்தினரின் பொறுப்புக்கு வந்தன. ராப் ஷ்னாஃபும், முன்னாள் தோழியும் இசைக்கலைஞருமான ஜோவன்னா போல்மியும் அவற்றை ஒலிக்கலவை செய்ய, 2004ல் 'ஃப்ரம் எ பேஸ்மென்ட் ஆன் த ஹில்' வெளிவந்தது. இது ஸ்மித் எண்ணிய வடிவமா என்பதில் அவருடன் கடைசிக் காலத்தில் பணியாற்றியவர்களுக்கு மாற்றுக் கருத்து உண்டு. கரடுமுரடான, சிதைந்த ஒலியை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்றும், வெளிவந்த வடிவம் அதைச் சீராக்கிவிட்டது என்றும் அவர்கள் வாதிட்டனர். 'கோஸ்ட் டு கோஸ்ட்' பாடலின் மோதும் டிரம்ஸைக் கேட்கும்போது அந்த வாதத்தில் உண்மை இருப்பதாகப் படுகிறது. ஹீட்மைசரில் வேடம் என்று அவர் ஒதுக்கிய இரைச்சல் இங்கே அவருடைய சொந்த மொழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பாடல்களும் தன்வரலாறும்

வெஸ் ஆண்டர்சனின் 'த ராயல் டெனன்பாம்ஸ்' (2001) படத்தில் தற்கொலை முயற்சிக் காட்சி ஒன்றின் பின்னணியில் 'நீடில் இன் த ஹே' ஒலிக்கிறது. இரண்டாண்டுகளில் ஸ்மித் இறந்தார். அதன்பின் அந்தக் காட்சி, அந்தப் பாடல், அந்த மரணம் மூன்றும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. இன்று இளம் ரசிகர்கள் பலர் இந்தப் பிணைப்பின் வழியாகவே அவரிடம் வருகின்றனர்.

இதனால் விளைவது சுவைப் பிழை மட்டும் அல்ல. போதைப் பழக்கமும் மனநோயும் கலைக்கு ஊற்று என்று நம்பவைக்கிறது. ஸ்மித்தின் நடைமுறை அதற்கு நேர்மாறான சான்று. நோய் முற்றிய இரண்டு ஆண்டுகளில் அவரால் வேலைகளை முடிக்க முடியவில்லை. நல்ல பாடல்கள் எல்லாம் வேலை செய்ய முடிந்த நாட்களில் எழுதப்பட்டவை. விமர்சகர் மாத்யூ லெமே 2009ல் 'எக்ஸ்ஓ' குறித்து எழுதிய சிறுநூலில், பாடல்களின் முந்தைய வடிவங்களை இறுதி வடிவங்களோடு ஒப்பிட்டு, ஸ்மித் எவ்வளவு திருத்தி எழுதினார் என்று காட்டுகிறார். 2007ல் வெளியான 'நியூ மூன்' தொகுப்பில் உள்ள 'மிஸ் மிசரி'யின் ஆரம்ப வடிவத்தை எவரும் கேட்டுப் பார்க்கலாம். மெட்டு அதேதான்; சொற்கள் பெரும்பாலும் வேறு. மனதில் பட்டதை அப்படியே பாடுபவர் இப்படிச் செய்ய மாட்டார்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 'எவ்ரிபடி கேர்ஸ், எவ்ரிபடி அண்டர்ஸ்டாண்ட்ஸ்' பாடல், நண்பர்கள் கூடி அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப முயன்றதன்மீதான கோபத்திலிருந்து பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாழ்க்கை பாடல்களுக்குள் வருகிறது. அந்தப் பாடலில் நண்பர்கள்மீது அவர் காட்டும் கோபம் நியாயமற்றது என்றும் சொல்லலாம். ஆனாலும் கோபத்தை முதலில் அடக்கி, பின் வாத்தியங்களின் பெருக்கில் விடுவிக்கும் அதன் அமைப்பு திட்டமிட்டது. நோயாளியின் கோபத்தைப் பாடலாசிரியர் கையாண்டிருக்கிறார்.

மறைவுக்குப் பின்

பெஞ்சமின் நுஜென்ட், வில்லியம் டாட் ஷுல்ட்ஸ் ஆகியோர் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியுள்ளனர். நிக்கோலஸ் ராசி இயக்கிய 'ஹெவன் அடோர்ஸ் யூ' (2014) ஆவணப்படம் மரணத்தைவிடப் போர்ட்லண்டின் இசைச்சூழலுக்கு அதிக இடம் அளிப்பதால் குறிப்பிடத்தக்கது. பியானோ கலைஞர் கிறிஸ்டோஃபர் ஓ'ரைலி ஸ்மித்தின் பாடல்களைத் தனிப் பியானோவுக்கு மாற்றி 2006ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். சொற்களும் குரலும் இல்லாமலே அந்தப் பாடல்கள் நிற்கின்றன. ஃப்ராங்க் ஓஷன் தன் 'சீக்ஃப்ரீட்' (2016) பாடலில் ஸ்மித்தின் வரியொன்றை எடுத்தாண்டுள்ளார். ஃபீபி பிரிட்ஜர்ஸின் 'பனிஷர்' (2020) தொகுப்பின் தலைப்புப் பாடல், ஸ்மித்தைச் சந்தித்திருந்தால் தானும் அவரைத் தொல்லைசெய்யும் ரசிகையாகத்தான் இருந்திருப்பேனோ என்ற எண்ணத்திலிருந்து எழுந்தது.

'ஃபிகர் 8' முகப்பில் ஸ்மித் நிற்பது லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் பெருஞ்சாலையில், ஒலிப்பெருக்கி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் வெளிச்சுவருக்கு முன்னால். அதில் சிவப்பும் கறுப்புமான வளைகோடுகள் வரையப்பட்டிருந்தன. அவர் இறந்த வாரத்திலிருந்து ரசிகர்கள் அங்கே பூக்களும் மெழுகுவத்திகளும் வைத்து, சுவரில் எழுதத் தொடங்கினர். பலமுறை கிறுக்கப்பட்டும், மீண்டும் வண்ணம் பூசப்பட்டும், பின்னாளில் ஒரு பகுதி இடிக்கப்பட்டும் அச்சுவர் மாறிவந்துள்ளது.